பிரெஞ்சுச் சொல்லை அசை பிரித்துப் படிப்போம்

பிரான்சுக்கு வந்த புதிதில் ஒருநாள் ஓர் அரசாங்கக் கந்தோரில் விடியற்காலையில் இருந்து வரிசையில் நின்று, உள்ளே போய்க் கதிரையில் காத்திருந்தேன். அன்றைக்கு இலக்கம் காட்டும் பலகை வேலை செய்யவில்லை. அலுவலர் பெயர் சொல்லியே ஆட்களைக் கூப்பிட்டார். பதினொரு மணி போல 'த்யு-ரே' என்று தொடங்கும் ஒரு பெயரை மூன்று முறை கூப்பிட்டார். ஒருவரும் எழும்பவில்லை. பாவம், யாரோ தவறவிட்டு விட்டார் என்று நானும் நினைத்தேன். கந்தோர் பூட்டும் நேரம் போய்க் கேட்டபோதுதான் தெரிந்தது, அந்த 'யாரோ' நான்தான். என் பெயர் 'துரை' என்று தொடங்குவது. அடுத்த திகதி கிடைக்க ஆறு கிழமை சென்றது. அதற்குள் எனக்கென்று சொல்லிவைத்த வேலை இன்னொருவருக்குப் போய்விட்டது.

ஊரில் பல்கலைக்கழகத்தில் வணிகம் படித்துக் கணக்காளராக இருந்தவன், சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டும் எழும்பாமல் இருந்தேன். அந்த அலுவலர் மேல் கனகாலம் கோபம் இருந்தது. பிரெஞ்சு படிக்கத் தொடங்கிய பிறகுதான் விளங்கியது: அவர் பிழையாக வாசிக்கவில்லை. தன் மொழியின் கணக்குப்படி ஒவ்வோர் எழுத்தையும் சரியாகத்தான் வாசித்தார். அந்தக் கணக்கு எனக்குத் தெரியாமல் இருந்ததுதான் குறை.

எங்களில் பலருக்குப் பிரெஞ்சைத் தாளில் பார்த்தால் ஓரளவு விளங்கும். காதில் விழுந்தால் விளங்காது. காரணம், நாங்கள் சொல் சொல்லாகக் கேட்கக் காத்திருக்கிறோம். அவர்கள் அசை அசையாகப் பேசுகிறார்கள். அசை பிரிக்கத் தெரிந்தால் பாதிச் சிக்கல் தீரும். இது படிப்புக்கு மட்டுமான விடயம் அல்ல. பிரெஞ்சுப் பிரசாவுரிமை கேட்பவர்களிடம் 2020இல் இருந்து பி1 நிலையும், 2026 சனவரி 1 முதல் அதற்கும் மேலான பி2 நிலையும் எதிர்பார்க்கப்படுகின்றன. அதில் எழுத்தைப் போலவே பேச்சும் கேட்டலும் உண்டு.

பாடத்துக்கு முன் சில குறிப்புகள்

பிரெஞ்சு ஒலிகளைத் தமிழில் எழுத இக்கட்டுரையில் ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறேன்.

• (ன்) என்று அடைப்புக்குள் வந்தால் 'ன்' என்று சொல்லக்கூடாது. உயிரொலியை மூக்கால் விட வேண்டும். நாக்கு மேலே தொடாது.
• ஃஸ என்பது வண்டு இரைவது போன்ற ஒலி. வெறும் ச, ஸ என்றால் காற்று மட்டும்.
• யு என்பது யூ என்ற எழுத்தின் பிரெஞ்சு ஒலி. உதட்டை 'உ' சொல்வதுபோல் குவித்துக்கொண்டு, உள்ளே நாக்கால் 'இ' சொல்லிப் பாருங்கள். வருவதுதான் அது.
• ஆர் எழுத்து நாக்கு நுனியில் அல்ல, தொண்டையில் பிறக்கும்.
• ரி, டி என்ற எழுத்துகள் பிரெஞ்சில் எங்கள் 'ட' அல்ல, 'த'. மேசையைத் 'தாப்ள்' என்று சொல்லுங்கள், 'டேபிள்' போல வேண்டாம். ஆங்கிலம் படித்துவிட்டு வந்தவர்கள்தான் இதில் அதிகம் தடுக்குகிறோம்.

'அசை' என்று நான் சொல்வது யாப்பிலக்கணத்து நேரசை, நிரையசை அல்ல. ஒரே மூச்சுத் தட்டில் வரும் ஒலித்துண்டு. பிரெஞ்சில் இதற்குச் 'சி-லாப்' என்று பெயர். ஓர் உயிரொலிக்கு ஓர் அசை. அவ்வளவுதான் கணக்கு.

1. எப்படிப் பிரிப்பது?

முதலாம் விதி: இரண்டு உயிருக்கு நடுவில் ஒரு மெய் வந்தால் அது பின்னால் உள்ள உயிரோடு சேரும். கா-ஃபே (கோப்பி), ஆ-மி (நண்பர்). இது எங்களுக்குப் புதிதல்ல. மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் ஆவதை அரிச்சுவடியிலேயே படித்தவர்கள் நாங்கள். பிரெஞ்சுக் காதுக்குப் பிடித்த அசையும் உயிர்மெய்தான்.

இரண்டாம் விதி: நடுவில் இரண்டு மெய் வந்தால் ஒன்று முன்னே, ஒன்று பின்னே. மெர்-சி (நன்றி), பார்-திர் (புறப்படுதல்), ஃபாக்-த்யுர் (விலைப்பட்டியல்).

மூன்றாம் விதி: அந்த இரண்டில் பின்னது எல் அல்லது ஆர் ஆக இருந்து, முன்னது பி, ரி, டி, சி, ஜி, எஃப், வி போன்ற எழுத்தாக இருந்தால் இரண்டும் பிரியாமல் அடுத்த அசைக்குப் போகும். ஆ-ப்ரே (பிறகு), தா-ப்லோ (படம், பலகை), ரே-ப்யு-ப்லிக் (குடியரசு).

நான்காம் விதி: சி-எச், பி-எச், ரி-எச், ஜி-என் ஆகிய சோடிகள் எழுத்தில் இரண்டானாலும் ஒலியில் ஒன்று. பிரிக்கக்கூடாது. நாங்கள் 'லாச்சப்பல்' என்று சொல்லும் இடம் உண்மையில் லா-ஷா-பெல்.

இங்கே ஒரு சுவையான செய்தி. 'ஸ்கூல்' என்று சொல்ல வராமல் 'இஸ்கூல்' என்று சொன்ன எங்கள் பாட்டிமாரைப் பார்த்துச் சிரித்திருப்போம். பிரெஞ்சுக்காரரின் முன்னோரும் அதையே செய்தார்கள். இலத்தீனில் 'ஸ்கோலா' என்று இருந்ததற்கு முன்னால் ஓர் 'எ' போட்டு 'எஸ்கோல்' ஆக்கினார்கள். பின்னர் அந்த 'ஸ்' ஒலி தேய்ந்து இன்றைய 'ஏ-கொல்' ஆயிற்று. அரசைக் குறிக்கும் 'ஏ-தா', விண்மீனைக் குறிக்கும் 'ஏ-துவால்' இரண்டும் அப்படி வந்தவையே. பாட்டி சொன்னது பிழை என்றால் பாதிப் பிரெஞ்சும் பிழை.

2. மூக்கொலியைத் தீர்மானிப்பது அசைதான்

அசை பிரிப்பது எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் சரியான பதில். ஓர் உயிருக்குப் பின் வரும் என் அல்லது எம் எழுத்து, அதே அசையில் நின்றால் மூக்கொலி. அடுத்த அசைக்குப் போய்விட்டால் சாதாரண ந, ம.

வருமான வரியை எ(ன்)-போ என்கிறார்கள். ஐ-எம் முதல் அசையில் நிற்கிறது, மூக்கொலி. பயனற்றது என்பதற்கு இ-ந்யு-தில். அங்கே என் எழுத்துக்குப் பின் உயிர் வருவதால் அது இரண்டாம் அசைக்குப் போய்விட்டது. ஆகவே முதல் அசை வெறும் 'இ'. இரண்டும் தாளில் ஒரே மாதிரித் தொடங்கினாலும் வாயில் வேறு வேறு.

எழுத்து இரட்டித்தாலும் பெரும்பாலும் மூக்கொலி போய்விடும். முகவரியில் நாங்கள் எழுதும் மாடிக் கட்டடம் இ-மெப்ள். அதில் எம் இரண்டு. நல்லவன் போ(ன்), நல்லவள் பொன். ஆண்டு என்பது ஆ(ன்), ஆனால் இரட்டை என் வரும் இன்னொரு வடிவம் ஆ-நே.

என் தொழிற்பெயரிலேயே நான் விழுந்தேன். முதல் வேலை நேர்முகத்தில் 'கொம்ப்டாபிள்' என்று என்னை அறிமுகப்படுத்திக்கொண்டேன். எதிரில் இருந்தவர் நெற்றியைச் சுருக்கினார். எழுத்தில் எம், பி, ரி என்று மூன்று மெய் வரிசையாக நிற்கின்றன. ஆனால் எம் மூக்கொலியாகி முதல் அசையில் கரைகிறது. பி ஒலிப்பதே இல்லை. மிச்சம் கோ(ன்)-தாப்ள். இரண்டே அசை. கணக்கு என்பது கோ(ன்)த். கதை என்பதும் கோ(ன்)த். பழைய பிரபுப் பட்டம் ஒன்றும் கோ(ன்)த். எழுத்து வேறு, ஒலி ஒன்று. கணக்கும் கதையும் ஒரே ஒலி என்பதைக் கணக்காளர்கள் வெளியில் சொல்லாமல் இருப்பது நல்லது.

3. எழுதுவார்கள், சொல்லமாட்டார்கள்

சொல்லின் கடைசியில் வரும் ஈ எழுத்து, மேலே குறி ஏதும் இல்லாவிட்டால், பொதுவாக ஒலிக்காது. சொல்லின் நடுவிலும் பல இடங்களில் விழுந்துவிடும். சனிக்கிழமை எழுத்தில் மூன்று அசை; பேச்சில் சாம்-தி, இரண்டு. வைத்தியர் எழுத்தில் மூன்று, பேச்சில் மேத்-செ(ன்). மெற்றோவில் பெல்-வில் என்று அறிவிக்கும் இடத்தின் பெயரைத் தாளில் பாருங்கள். பன்னிரண்டாம் எழுத்து வரை தேடத் தேவையில்லை, பத்து எழுத்து இருக்கிறது, ஒலிப்பது இரண்டு அசை.

பாட்டில் மட்டும் இந்த ஈ உயிர் பெறும். பிள்ளைகள் பாலர் வகுப்பில் படிக்கும் 'ஃப்ரேர் ஜாக்' பாட்டைக் கேளுங்கள். பேச்சில் இரண்டு அசையான அந்தப் பெயரைப் பாட்டில் நான்காகப் பாடுவார்கள். தென்பிரான்சுக்காரர் பேச்சிலும் இந்த ஈ பலவேளை கேட்கும்.

சொல்லின் கடைசி மெய்யும் பெரும்பாலும் மௌனம். பாரிஸ் என்பது பா-ரி. சி, ஆர், எஃப், எல் நான்கும் பலவேளை ஒலிக்கும். ஆனால் ஈ-ஆர் என்று முடியும் வினைச்சொற்களில் ஆர் ஒலிக்காது.

எங்கள் பக்கத்துப் பழக்கம் ஒன்றையும் கவனிக்க வேண்டும். மெய்யில் முடியும் பிறமொழிச் சொல்லுக்கு நாங்கள் ஓர் உகரம் ஒட்டுவோம்: பஸ்ஸு, பார்க்கு. பிரெஞ்சில் அந்த உகரம் ஓர் அசையைக் கூட்டிவிடும். கேட்பவர் அதை வேறொரு சொல்லின் தொடக்கம் என்று நினைப்பார். மெய்யில் வாயை நிறுத்திப் பழகுங்கள்.

4. புணர்ச்சி: எங்களுக்குத் தெரிந்த பாடம்

ஓர் அலுவலகத்தில் உங்கள் முகவரியைக் கேட்கிறார்கள். தாளில் நான்கு சொல். காதில் விழுவது ஐந்து அசை: கெ-லே-வோ-த்ரா-த்ரெஸ். நாங்கள் 'அத்ரெஸ்' என்று ஒரு சொல் வரும் என்று காத்திருக்கிறோம். அது வருவதே இல்லை. முன்சொல்லின் கடைசி மெய்யில் ஏறிக்கொண்டு 'த்ரா-த்ரெஸ்' ஆகிவிட்டது.

இதில் திகைக்க என்ன இருக்கிறது? 'மரம் ஏறினான்' என்பதை நாங்கள் ம-ர-மே-றி-னான் என்றுதானே சொல்கிறோம்? 'பால் ஊற்று' பாலூற்று ஆகவில்லையா? மெய்யீற்றின் மேல் உயிர் வந்து ஏறுவதை நன்னூல் புணரியலில் படித்தோம். பிரெஞ்சுக்காரரும் அதையே செய்கிறார்கள். நாங்கள் பல இடங்களில் சேர்த்து எழுதுகிறோம். அவர்கள் பிரித்து எழுதிவிட்டுச் சேர்த்துப் பேசுகிறார்கள். வேறுபாடு அவ்வளவுதான்.

இன்னொரு வகையும் உண்டு. தனியே நிற்கும்போது மௌனமாக இருக்கும் மெய், அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் விழித்துக்கொள்ளும். இதை லியே-ஃஸோ(ன்) என்பார்கள். 'வு' (நீங்கள்) தனியே வந்தால் எஸ் ஒலிக்காது. 'உங்களிடம் இருக்கிறது' என்னும்போது வு-ஃஸா-வே. எஸ்ஸும் எக்ஸும் இப்படி விழித்தால் ஃஸ் ஆகும்.

இந்த இடத்தில் கவனம் தேவை.

• இல்-ஃஸோ(ன்) என்றால் 'அவர்களிடம் இருக்கிறது'. இல்-சோ(ன்) என்றால் 'அவர்கள் ... ஆக இருக்கிறார்கள்'.
• த்ருவா-ஃஸெர் என்றால் மூன்று மணி. த்ரெ-ஃஸெர் என்றால் பதின்மூன்று மணி, அதாவது பகல் ஒரு மணி. இதைக் குழப்பிச் சந்திப்பைத் தவறவிட்டவர்கள் எங்களுக்குள் உண்டு.
• தெ-ஃஸா(ன்) என்றால் இரண்டு வயது. து-ஃஸா(ன்) என்றால் பன்னிரண்டு வயது. மருந்துக்கடையில் பிள்ளைக்குப் பாணி மருந்து கேட்கும்போது இந்த ஓர் உயிரொலி மிகப் பெரிய விடயம். முதலாவதில் உதட்டை 'ஒ' போலக் குவித்து 'எ' சொல்ல வேண்டும். இரண்டாவது எங்கள் 'து'வேதான். சந்தேகம் என்றால் விரலால் காட்டுங்கள், எழுதிக் கொடுங்கள். அதில் வெட்கம் இல்லை.

சில சொற்களின் முன் இந்தப் புணர்ச்சி கூடாது. எச் எழுத்தில் தொடங்கும் சொற்களில் ஒரு பகுதி அப்படி. வீரர்கள் என்பது லே-ஏ-ரோ. அதைச் சேர்த்து லே-ஃஸே-ரோ என்று சொன்னால் வீரர்கள் எல்லோரும் பூச்சியங்கள் ஆகிவிடுவார்கள்.

5. எங்கள் பெயர்களுக்கு என்ன நடக்கிறது?

இப்போது என் பெயருக்கு வருவோம். எங்கள் பெயர்களை ஆங்கில முறையில் எழுதிக்கொண்டு வந்தோம். அவற்றைப் பிரெஞ்சுக் கண் படிக்கும்போது, யூ எழுத்து யு ஆகிறது. ஏ-ஐ சேர்ந்து 'எ' ஆகிறது. ரி-எச் வெறும் த. ஆகவே துரை, த்யு-ரே. குமார், க்யு-மார். சாந்தியில் ஏ-என் ஒரே அசையில் நிற்பதால் மூக்கொலி: ஷா(ன்)-தி. சந்திரனில் சி-எச் வந்தால் ஷா(ன்)-த்ரா(ன்). அதோடு நாங்கள் பெயரின் முதல் அசையை எடுப்பாகச் சொல்வோம். பிரெஞ்சில் எடுப்பு எப்போதும் கடைசி அசையில். மெர்-சி என்று சொல்லும்போது 'சி' உயர்வதைக் கவனியுங்கள். முன்னும் பின்னும் மாறினால் பெற்றோர் வைத்த பெயரும் அந்நியமாகிவிடுகிறது.

பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி, காரைக்கால் தமிழருக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே பெயர்களைப் பிரெஞ்சு எழுத்து முறைப்படி எழுதினார்கள். 'உ' ஒலிக்கு ஓ-யூ என்று இரண்டு எழுத்துப் போட்டார்கள். இராமசாமி என்ற பெயரில் 'சா'வுக்கு இரண்டு எஸ் போட்டார்கள். காரணம், இரண்டு உயிருக்கு நடுவில் ஒற்றை எஸ் வந்தால் பிரெஞ்சில் ஃஸ் ஆகிவிடும். ராமஃஸாமி என்று வாசிப்பார்கள். ஒப்பந்தக் கூலிகளாக 1853இல் மார்த்தினிக்குக்கும் 1854இல் குவாதலூப்புக்கும் தமிழர் கப்பலேறத் தொடங்கினார்கள். ரெயூனியன் தீவுக்கும் போனார்கள். அங்கெல்லாம் ராமசாமி, முத்துசாமி என்ற பெயர்கள் இன்றும் இரட்டை எஸ்ஸோடு குடும்பப் பெயர்களாக வாழ்கின்றன. தமிழ் பேச மறந்த குடும்பங்களிலும் 'சாமி' சாமியாகவே ஒலிக்கிறது. அந்த ஓர் எழுத்து அதைக் காப்பாற்றியது.

இதே விதியைச் சந்தையிலும் காணலாம். மீன் புவா-சோ(ன்), இரட்டை எஸ். நஞ்சு புவா-ஃஸோ(ன்), ஒற்றை எஸ். மீன்கடையில் கவனமாகக் கேளுங்கள்.

அகதிகளுக்கு ஒப்ப்ரா தரும் பத்திரத்தில் பதிந்த எழுத்தை இனி மாற்றுவது பெரிய வேலை. ஆனால் பெயரை அசை பிரித்து வாயால் சொல்லிக்கொடுக்கச் செலவில்லை. பிள்ளையின் ஆசிரியரிடம் முதல் நாளே மெதுவாக, துண்டு துண்டாகச் சொல்லுங்கள். இனிமேல் பிறக்கும் பிள்ளைக்குப் பெயர் பதியுமுன், அந்த எழுத்துகளைப் பிரெஞ்சு தெரிந்த ஒருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

6. வீட்டுப் பயிற்சி

வீட்டுக்கு வரும் கடிதங்களில் இந்தச் சொற்களைத் தேடி எடுத்து, முதலில் நீங்களே அசை பிரியுங்கள். பிறகு இந்த விடைகளோடு ஒப்பிடுங்கள்.

• சந்திப்பு: ரா(ன்)-தே-வு (3)
• மருந்துச் சீட்டு: ஓர்-தொ-நா(ன்)ஸ் (3)
• அவசர சிகிச்சை: யுர்-ஜா(ன்)ஸ் (2)
• மருத்துவமனை: ஓ-பி-தால் (3)
• ஒருங்கிணைவு: எ(ன்)-தே-க்ரா-சியோ(ன்) (4)

காசில்லாத ஆசிரியர் ஒருவரும் இருக்கிறார்: மெற்றோ. பல வழித்தடங்களில் தரிப்பிடத்தின் பெயரை இரண்டு முறை சொல்வார்கள். முதல் முறை கேள்வி போல உயர்ந்து, இரண்டாம் முறை முடிவாகத் தாழ்ந்து ஒலிக்கும். பெயர்ப் பலகையைப் பார்த்துக்கொண்டே விரலில் அசையை எண்ணுங்கள். கார்-த்யு-நோர், மூன்று. ஷா-தோ-தோ, மூன்று. ஒரு கிழமையில் காது மாறுவதை நீங்களே உணர்வீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் முகவரியை அசை பிரித்துத் தமிழில் எழுதித் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். வீதி என்பது ர்யு. 'ரு' என்று சொன்னால் சில்லு என்று பொருள். அவசர மருத்துவ உதவிக்கு 15, தீயணைப்புப் படைக்கு 18, ஐரோப்பா முழுவதற்கும் பொதுவாக 112. அந்த நேரத்தில் பதற்றத்தில் இலக்கணம் வராது. வாய் பழகிய ஒலிதான் வரும். ஆகவே நாளுக்கு ஒருமுறை முகவரியைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். வீட்டில் தனியே இருக்கும் அம்மா, மாமி எல்லோருக்கும் இதைப் பழக்குங்கள்.

பத்து வயதுப் பிள்ளையை வைத்தியரிடம் கூட்டிப்போய், தாயின் வருத்தத்தை அந்தப் பிள்ளையின் வாயால் சொல்லவைக்கிறோம். சில வருத்தங்களைத் தாய் பிள்ளைக்குச் சொல்லமாட்டாள். பிள்ளைக்கு விளங்காததைப் பிள்ளை விட்டுவிடும். நாங்கள் படிக்கவேண்டியது அதற்காகத்தான். பிள்ளைகளிடமே உச்சரிப்புக் கேட்டுப் படியுங்கள். அவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். நாங்களும் அவர்களுடைய தமிழைத் திருத்தும்போது சமன் செய்துகொள்ளலாம்.

இப்போதெல்லாம் கந்தோரில் யாராவது 'த்யு-ரே' என்று கூப்பிட்டால் முதல் தடவையிலேயே எழும்பிப் போகிறேன். போய், வணக்கம் சொல்லி, 'து-ரை' என்று ஒருமுறை மெதுவாகச் சொல்லிக் கொடுக்கிறேன். பெரும்பாலானோர் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறார்கள்.